பதில் மணி

பேய் பிசாசுன்னு யாராவது வாயைத் திறந்தா, "போய் வேலையைப் பாருங்க"ன்னு விரட்டறவன் நான். நீங்களும் என்னை அப்படித்தான் சொல்லப் போறீங்க. சொல்லுங்க, ஆனா முழுசா கேட்டுட்டு சொல்லுங்க.

தங்கச் சுரங்கத்துல ஆளுங்க போய் வர்ற இரும்புக் கூண்டை, அதான் கேஜை, ஏத்தி இறக்கற இன்ஜினை ஓட்டுனவன் நான். கேஜ்ல யார் இருக்காங்கன்னு கண்ணுக்குத் தெரியாது, காதுதான் எல்லாம். கீழேருந்து மூணு வாட்டி மணி அடிச்சா, ஆளுங்க ஏறியாச்சு தூக்குன்னு அர்த்தம். நான் திருப்பி மூணு அடிக்கணும். பதில் மணி போகாம கேஜ் நகரக்கூடாது, அதான் ரூல். கீழே மணி அடிச்சது என் சிநேகிதன் தேவராஜ். ரெண்டு தட்டி, கொஞ்சம் மூச்சு விட்டு மூணாவதைத் தட்டுவான். ஆயிரம் பேர் அடிச்சாலும் எது அவன் கைன்னு நான் சொல்லிடுவேன்.

யூனியன் சண்டையில எங்க பேச்சு நின்னுபோச்சு. ரெண்டு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசலை, ஆனா தினமும் அவன் மூணு, நான் மூணு. 2001ல சுரங்கத்தை மூடினாங்க, அதுவும் போச்சு. அவன் பேத்தமங்களாவுல மக வீட்டோட போய்ட்டான். ஷிப்ட் சங்கு ஊதாம ஊரே தூக்கத்துல நடக்கற மாதிரி இருந்துச்சி, எப்ப சாப்பிடறது எப்ப படுக்கறதுன்னு யாருக்கும் புரியலை.

ஒரு மத்தியானம் ராபர்ட்சன்பேட்டை வீட்டுல சோத்துல கை வெச்சிருக்கேன், மணி கேக்குது. ரெண்டு, ஒரு மூச்சு, அப்புறம் ஒண்ணு. நம்பினா நம்புங்க, தரைக்கு அடியிலேருந்து, தண்ணிக்குள்ள அடிக்கற மாதிரி மெதுவா வந்துச்சி.

"மணி கேட்டுச்சாடி?"ன்னேன்.

"இன்னா மணி? சோறு ஆறுது, சாப்பிடுங்க"ன்னா என் சம்சாரம்.

மறுபடியும் வந்துச்சி. வீம்புக்கு சும்மா இருந்தேன். மூணாவது வாட்டி மனசு தாங்கலை, பாவம் காத்துக்கினு இருக்கானேன்னு எச்சக் கையாலயே தட்டு மேல மூணு தட்டிட்டேன். அதோட நின்னுபோச்சு. மனசு அப்படியே லேசாயிடுச்சி, நாளைக்கே பஸ் ஏறிப் போய் பேசிடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

சாயங்காலமே ஆள் வந்துச்சி, தேவராஜ் போய்ட்டான்னு.

நான் போனப்ப அவன் மக அழுதுக்கினே சொன்னா: "மாமா, காலையிலேருந்து அப்பா கட்டில் கம்பியில தட்டிக்கினே இருந்தாரு. மத்தியானம் 'பதில் வந்துடுச்சி'ன்னு சிரிச்சாரு. அவ்ளோதான் மாமா."

நிம்மதியான சாவுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ரூல்தான் ஞாபகம் வருது. பதில் மணி போகாம கேஜ் நகரக்கூடாது. நான் மட்டும் தட்டாம இருந்திருந்தா, மறுநாள் நான் போற வரைக்கும் அவன் காத்துக்கினு இருந்திருப்பான் இல்லியா? நீங்களே சொல்லுங்க.