விழேல்லை, மெதுவாப் போகுது

சரஸ்வதி பூசைக்கு அவரவர் பிழைக்கிற பொருளைக் கும்பத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மனைவியின் கட்டளை. வான் ஓட்டிப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற நான் வானின் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, வைப்பேன். அவள் தன் தையல் கத்தரிக்கோலை வைப்பாள். வைத்ததை விஜயதசமி விடியத்தான் எடுப்போம். மகளின் லாப்டொப்புக்கு மட்டும் விலக்கு. கற்பூரம் காட்டி முடிந்ததும் எடுத்துவிடுவாள். அவளுடைய வேலை அப்படி.

அந்த வேலையை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். தனியாக இருக்கிற வயதானவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானைக் கட்டியிருப்பார்கள். விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ அதை அமத்தினால் போதும். வீட்டில் இருக்கிற ஒரு பெட்டி அந்த அழைப்பைக் கம்பனியின் சேர்வர்களுக்கு அனுப்பும். அங்கிருந்து அது ஒரு மனிதரின் காதுக்குப் போகும். சேர்வர்கள் சுகமாக இருக்கின்றனவா, அழைப்புகள் தடங்கலில்லாமல் போகின்றனவா என்று திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மகளின் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூயிஷாமில் தனியாக இருக்கிற என் அக்காவின் கழுத்திலும் அதே கம்பனியின் பொத்தான்தான். போன குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்தபோது அதை அமத்தித்தான் தப்பினார்.

"மாமி உன்னை நம்பித்தான் இருக்கிறா" என்று மகளிடம் சொல்வேன்.

"என்னை நம்பிறதை விட்டிட்டு அந்தப் பழைய பெட்டியை மாத்தச் சொல்லுங்கோ அப்பா" என்பாள்.

அக்கா மாற்றவில்லை. உயிரைக் காப்பாற்றின பெட்டியை எறிவது பாவமாம்.

இந்த வருடப் பூசையன்று பின்னேரம் மனைவி எல்லாப் பொருளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்து, நாங்கள் பாடத் தொடங்கியிருந்தோம். பாட்டின் நடுவில் மகளின் போன் கத்தியது. வழக்கமான மணி இல்லை. வீடு பற்றி எரியும்போது அலறுகிற மாதிரி ஒரு சத்தம். மகள் எழும்பிப் போய்க் கும்பத்தடியில் இருந்த லாப்டொப்பை இழுத்தாள். பூவெல்லாம் சிந்தியது.

"பிள்ளை, இன்னும் தீபம் காட்டேல்லை!"

"சரஸ்வதிக்கு விளங்கும் அம்மா."

விரலை வைத்தாள். திறக்கவில்லை. மறுபடியும் வைத்தாள். விரல் வைக்கிற இடத்திலேயே மனைவி சந்தனத்தை அப்பி, அதற்கு மேல் குங்குமமும் வைத்திருந்தாள்.

"அம்மா! பொட்டு வைக்க வேறை இடம் கிடைக்கேல்லையே?"

"அதுதானே பிள்ளை தோதா இருந்தது" என்று மனைவி சேலைத் தலைப்பால் தேய்த்தாள். சந்தனம் இன்னும் நன்றாக உள்ளே இறங்கியதுதான் மிச்சம். மகள் நீளமான கடவுச்சொல்லை அடித்தாள். அவசரத்தில் ஓர் எழுத்துத் தவறியது. மறுபடி அடித்தாள். திறந்தது.

எப்போதும் தரையோடு படுத்திருக்கிற ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"சேர்வர் விழுந்திட்டுதோ?"

"விழேல்லை அப்பா, மெதுவாப் போகுது. அதுதான் பயம். விழுந்தால் எல்லாம் தானா மற்றச் சேர்வருக்கு மாறியிடும். இது மூச்சு விடுறபடியால் நல்லா இருக்கெண்டு சிஸ்டம் நினைக்குது. சனம் அமத்திப்போட்டுக் காத்துக்கொண்டிருக்குது."

காத்துக்கொண்டிருக்குது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அக்காவின் குளியலறைத் தரைதான் கண்ணில் வந்தது. போன் அடித்தேன். மணியே போகாமல், செய்தி சொல்லச் சொல்லி ஒரு குரல் வந்தது. அக்கா போனை நிறுத்தி வைக்கிற ஆள் இல்லை.

"அந்த வரிசையிலை மாமி இருக்கிறாவோ எண்டு பார் பிள்ளை."

"எனக்குப் பேர் தெரியாது அப்பா. எத்தினை அழைப்பு நிக்குது எண்டுதான் தெரியும்."

காதில் மாட்டியிருந்த கருவியில் மேலதிகாரியோடு ஆங்கிலத்தில் ஏதோ பேசினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்தச் சேர்வரைக் கழட்டி விடப்போறன். இனி அமத்துறவைக்கு உடனை போகும். இப்ப இதுக்குள்ளை நிக்கிற அழைப்பெல்லாம் விடுபட்டுப் போம். புதுப் பெட்டியெண்டால் தானாத் திரும்பக் கூப்பிடும்."

"பழைய பெட்டி?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவையள் திரும்ப அமத்த வேணும்."

விழுந்து கிடக்கிறவர் ஒருமுறை அமத்துவதே பெரிய காரியம். "கொஞ்சம் பொறு. நான் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று கெஞ்சினேன்.

"பொறுக்க ஏலாது. வரிசை கூடுது. மற்றவையும் ஆரோவின்ரை அக்காதானே, அப்பா."

அவள் கழற்றியதை நான் பார்க்கவில்லை. கும்பத்தடியில் இருந்த வானின் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். விடியமுன் எடுக்கிறேனே என்று மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் நின்று, "மச்சாளுக்கு ஒண்டும் நடக்காது, மெல்லமா ஓடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

திறப்பில் இருந்த சந்தனம் கையெல்லாம் ஒட்டியது. ஆற்றுக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. வாயில் வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். வெளியே வந்ததும் மகளின் அழைப்பு. "கோடு இறங்கிட்டுது அப்பா. எல்லாம் பச்சை. மாமி போனை எடுத்தாவோ?" இல்லை என்று சொல்லி வானை இன்னும் வேகமாக ஓட்டினேன்.

அக்காவின் வீட்டு முன்னறையில் வெளிச்சம் தெரிந்தது. மணியை அடித்தேன். ஒருவரும் வரவில்லை. கடிதம் போடுகிற துவாரத்தைத் தூக்கி "அக்கா!" என்று கத்தினேன். கற்பூர மணம் வந்தது. அதற்குப் பின்னால், காது மந்தமானவர்கள் பாடுகிற மாதிரி உரத்த பாட்டு. யன்னலில் ஓங்கித் தட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

"என்ன தம்பி, அவல் வாசம் குட்மேய்ஸிலை உங்கடை வீடு வரைக்கும் வந்திட்டுதோ?"

அக்காவின் கழுத்தில் சங்கிலி மட்டும்தான் இருந்தது.

"பொத்தான் எங்கை அக்கா?"

"சாமிக்கு முன்னாலை. போனும் அங்கைதான், பூசைக்குள்ளை அடிக்குமெண்டு நிப்பாட்டி வைச்சனான். போன குளிருக்கு என்னைக் காப்பாத்தினது அதுதானே. அதுக்கு ஒரு பொட்டு வைக்க வேண்டாமே?"

வெற்றிலையின் மேல், சந்தனமும் குங்குமமுமாகப் பொத்தான் இருந்தது. காலமையே வைத்துவிட்டாராம். அதற்குப் பிறகுதான் சமைத்து, பூசைக்கு மறுபடியும் குளித்து, கழுவின ஈரத்தரையில் நடந்து திரிந்திருக்கிறார்.

வழியெல்லாம் அக்கா அந்த வரிசைக்குள் நிற்கிறாரோ என்றுதான் பயந்தேன். இப்போது வந்த பயம் வேறு. விழுந்திருந்தால் அவர் எந்த வரிசையிலும் நின்றிருக்க மாட்டார். மகளின் திரை பச்சையாகவே இருந்திருக்கும். அமத்தாத பொத்தானை எந்தக் கோடும் காட்டாது.

"எடுத்துப் போடுங்கோ அக்கா."

"விடியத்தான். வைச்சதை இடையிலை எடுத்தால் குற்றம்."

நானும் அப்படி நம்புகிறவன்தான். கை கால் கழுவிக்கொண்டு வந்து, ஒரு கற்பூரம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டேன். தாயே, குற்றமென்றால் என் தலையில் வரட்டும், அவவை விட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் பொத்தானை எடுத்தேன். ஈரத்துணியால் துடைத்து அக்காவின் கழுத்தில் போட்டேன்.

"பொட்டையெண்டாலும் விட்டிருக்கலாம்" என்றார்.

வேலை செய்கிறதா என்று பொத்தானை அமத்திப் பார்த்தேன். அலுமாரியின் மேலிருந்த பழைய பெட்டி உடனே வாய் திறந்தது. ஒரு பெண்குரல், என்ன நடந்தது, விழுந்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா பெட்டிக்குக் கிட்டப் போய்க் கத்தினார்: "நோ, நோ, ஐ ஆம் ஓகே. மை பிரதர் வெரி ஃபிரைட்டண்ட். ஐ கிவ் ஹிம் டீ."