எடுக்காமல் விட்ட படம்

மெர்வ் ட்ரெவினுக்கு ‘முடியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. ஆஸ்திரேலியாவில் மாலி வட்டாரத்துக் கோதுமைக் காடுகளில் தீப்பிடித்தால் தண்ணீர் வண்டியில் முதலில் ஏறுவது அவர்தான். கால்பந்து கிளப்பில் சாஸேஜ் சுட ஆள் வரவில்லையா, கூப்பிடு மெர்வை. “ஊர்ல எவன் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் இந்த மனுஷனுக்குக் காது கேக்கும், நம்ம வீட்டுக் குழாயத் தவிர” என்பாள் அவர் மனைவி கிளெனிஸ்.

அறுபத்தாறு வயதில் அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம். வெளியே கிளம்பிவிட்டதா என்று பார்க்க மெல்போர்னில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊசியில் ஏற்றும் கதிர்மருந்து நோய் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் படத்தில் ஒளிரும். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி கிடைத்தது. மெர்வ் ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இடுப்புக்குக் கீழே வரும் நோயை எந்த ஆண்பிள்ளை பப்பில் பீரோடு உட்கார்ந்து பேசுவான்?

அந்த வாரம்தான் பக்கத்துப் பண்ணைக்காரர் கோல் நோஸ்கேயின் நாலுசக்கர பைக் கவிழ்ந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பயிர் முற்றி நிற்கிறது, வார இறுதியில் மழை. ஒருவன் படுத்துவிட்டால் ஊரே அறுவடை மிஷினோடு போய் அவன் வயலை அறுத்துக் கொடுப்பது அங்கே எழுதாத சட்டம். குறித்த நாள் அதே வியாழக்கிழமை.

மெர்வ் கொட்டகைக்குப் பின்னால் போய் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார்.

“மருந்து அன்னிக்குக் காலையில உங்களுக்குன்னே வருது சார். வெச்சிருந்து மறுநாள் போட முடியாது. இத விட்டா பிப்ரவரிதான்” என்றாள் நர்ஸ்.

“பரவால்லம்மா. என் இடத்த வேற யாருக்காச்சும் குடு.”

கிளெனிஸிடம், “அவங்க மிஷின் ரிப்பேராம், தள்ளிப் போட்டுட்டாங்க” என்றார். விவசாயி சொல்லும் பொய்யிலும் மிஷின்தான் பழுதாகும். அவள் நம்பினாள். அவள் வீட்டுக் கொட்டகையிலும் வாரம் ஒன்று பழுதாகிறதே. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

வியாழக்கிழமை கோலின் வயலில் அறுவடை அமர்க்களமாக நடந்தது. கிளெனிஸே ஒரு தட்டு நிறைய சாண்ட்விச் செய்து எடுத்துப்போனாள்.

பிப்ரவரியில் இருவரும் மெல்போர்ன் போனார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கிளெனிஸ் சும்மா பேச்சுக்குக் கேட்டாள்: “உங்க மிஷின் இப்ப சரியாயிடுச்சா?”

“எந்த மிஷினுங்க?”

“டிசம்பர்ல கெட்டுப்போச்சே, அது.”

“டிசம்பர் முழுக்க ஓடுச்சே. சார்தான் போன் பண்ணி வேண்டாம்னாரு.”

கிளெனிஸ் திரும்பிப் பார்த்தாள். மெர்வ் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். “கோலோட பயிரு...” என்றார். அவள் அந்தப் பெண் நீட்டிய பாரத்தை வாங்கி நிரப்பத் தொடங்கினாள். கத்தியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் படத்தைத் திரையில் போட்டார். தாடையோரமும் சிறுநீரகங்களும் பளிச்சென்று எரிந்தன. மெர்வுக்கு உயிரே போய்விட்டது.

“அது எல்லாருக்கும் எரியும், பயப்படாதீங்க. நான் பாக்கிறது இத” என்று டாக்டர் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் இருந்த சின்னப் பொட்டுகளைக் காட்டினார். கோதுமை மணியளவுதான் இருந்தன. இனி அறுவை இல்லை. ஊசியும் மாத்திரையுமாகச் சில வருஷம் அடக்கி வைக்கலாம், துடைத்தெடுக்க முடியாது.

“டிசம்பர்ல எடுத்திருந்தா?” என்று கிளெனிஸ் கேட்டாள்.

“அப்பவே பரவியும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். எடுக்காத படத்த நான் எப்படிம்மா படிக்கிறது?”

அந்தப் பதில் மெர்வை அரித்தது. பழி தன்மேல்தான் என்று உறுதியாகத் தெரிந்தாலாவது தலையில் போட்டுக்கொண்டு உட்காரலாம். இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று.

ஊருக்குத் திரும்பியதும் கிளெனிஸ் கோலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறுநாளே கோல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை.

“ஏன்டா, மடையா, அன்னிக்கு எத்தன மிஷின் வந்துச்சு தெரியுமா? உன்னோடது இல்லாமலே ஏழு. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. நீ வரலைன்னா என்ன, கூட ஒரு மணி நேரம் ஆயிருக்கும்.”

“வராம எப்படிடா இருக்கிறது? மெர்வ் எங்கன்னு கேட்டிருப்பாங்கல்ல?”

“கேட்டிருப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்னு கிளெனிஸ் சொல்லியிருப்பா. அப்படியான்னுட்டு அவனவன் வேலையப் பாத்திருப்பான்.” கோல் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். “அவ்ளோதான்டா. அவ்ளோதான் நடந்திருக்கும்.”