பீலிக்கு முறை வைத்தவர்

"ஒரு வாளி நிரம்பினால் விலகி நில். அடுத்தவருக்கு வழி விடு." அகலமான கணினித் தாளின் வலது ஓரத்தில், பென்சிலால், சற்று மேல்நோக்கிச் சாய்ந்த எழுத்தில் இருந்தது அந்த வரி. தாள் முழுவதும் இளம்பச்சைப் பட்டைகள். அவற்றின் மேல் இயந்திரம் அடித்துத் தள்ளிய எண்கள், நிரை நிரையாக. மனிதக் கை பட்ட இடம் அந்த ஓரம் மட்டும்தான். எழுதியவரை நாங்கள் சிஸ்டம் சேர் என்று அழைத்தோம். அந்த வரி இப்போது எங்கும் இல்லை. இல்லாமல் செய்தவள் நான். ஆனால் எந்த எழுத்தில் பென்சில் முனை அழுந்தியிருந்தது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். எதையும் நாலு தடவை யோசிக்காமல் வாய் திறக்காதவள் நான். இதை மட்டும் யோசிக்காமலே சொல்வேன்.

கண்டி நகரத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த கந்தோர். தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து நிறை, பாடசாலைகளின் புள்ளிப் பட்டியல் என்று மற்றவர்களுடைய விவரங்களை வாங்கிக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் தனியார் இடம். நான் அங்கே பஞ்ச் ஒப்பரேட்டர், அதாவது எழுதித் தருவதைப் பார்த்துத் தட்டிக் கொடுப்பவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு டைப்பிங் வகுப்பில் கிடைத்த விரல் வேகம்தான் வேலை வாங்கித் தந்தது. அதைவிட என்னிடம் இருந்த பெரிய தகுதி பயம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பிடம் வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தட்டி முடித்த பக்கங்களையும் அப்படித்தான், யாரும் கேட்காமலே, முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

சிஸ்டம் சேர் யாழ்ப்பாணத்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். அலுமாரி அளவிலான அந்த இயந்திரம் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வேலை செய்யும். நாங்கள் தட்டுபவர்கள் மூன்று பேர். ஒருத்தி தட்ட, மற்ற இரண்டு பேரும் கதிரையில் கை கட்டி இருப்போம். இயந்திரத்தோடு வந்த தலைமை நிரல் அப்படி. கணினியின் உறுப்புகளை எல்லாம் மேய்த்து, யாருக்கு எப்போது எது என்று தீர்மானிக்கும் அந்த நிரலைத்தான் இப்போது பள்ளிப் புத்தகங்களில் பணிசெயல் முறைமை என்கிறார்கள். "ரெண்டு பேரைச் சும்மா இருத்தி வைக்கவோ இவ்வளவு பெரிய மெசின்?" என்று சொல்லிக்கொண்டே சேர் ஒரு நாள் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். எழுதச் சொன்னவர் யாருமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. கறையான் தின்ற ஒரு வெளிநாட்டுக் கையேடு இருந்தது, அவ்வளவுதான். அவர் கடதாசியில் எழுதித் தருவார், நான் தட்டுவேன், இயந்திரம் நின்றுபோகும், அவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி எழுதுவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது.

முதலில் அதற்கு அவர் வைத்த பெயர் 'கங்காணி'. எல்லாரையும் வேலை வாங்குவதால் பொருத்தமான பெயர் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ சோறு இறங்கவில்லை. என் தாத்தா தோட்டத்தை விட்டு நகரத்துக்கு ஓடி வந்ததே ஒரு கங்காணியின் பிரம்புக்குப் பயந்துதான். சொன்னால் வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் அடக்கி வைத்திருந்து, மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுல அந்தப் பேர சொன்னா அப்பா தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிருவாரு."

அவர் திகைத்துப் போனார். அவருக்கு அது புத்தகத்தில் படித்த ஒரு சொல். "எனக்குத் தெரியாமப் போச்சு, பிள்ளை. அப்ப நீரே ஒரு பேர் சொல்லும் பாப்பம்."

பெயருக்குப் பதில் எங்கள் குடியிருப்பின் பீலியைப் பற்றிச் சொன்னேன். மலையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வந்து விழும் இடம் அது. காலையில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தியிடம் நாலு வாளி இருந்தாலும், ஒன்று நிரம்பியதும் அவள் விலகி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அடுத்தவள் பிடிப்பாள். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தால் எல்லார் வாளியும் நிரம்பிவிடும். அதட்ட ஆள் வேண்டாம், மேலாள் வேண்டாம். "இதுக்கு எதுக்கு சேர் கங்காணி?" என்றேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அதுதான். நான் எழுதுற சாமான் அதேதான்," என்றார். அன்றைக்கே அதற்குப் பீலி என்று பெயர் ஆயிற்று. முதல் தாளின் ஓரத்தில் வாளி வரி ஏறியதும் அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அவர் எல்லாத் தாளிலும் எழுதினார். எண்கள் இயந்திரத்துக்கு, ஓரம் மனிதருக்கு என்பார். அந்த எண்களில் எட்டும் ஒன்பதும் வருவதே இல்லை. தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் கேட்டேன், "ஏன் சேர், இந்த மெசினுக்கு எட்டு தெரியாதா?"

"ஏழோடை அதின்ரை படிப்பு முடிஞ்சுது. நீர் எட்டு வரைக்கும் படிச்சனீர் எல்லோ? அதைவிட நீர் கெட்டிக்காரி."

மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் படிப்பை வைத்து யாராவது சொன்ன பகிடிகளில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான். எனக்குச் சந்தேகமான வரியை எல்லாம் கொண்டுபோய் அவரிடம் நீட்டுவேன். பாதி நாள் என் சந்தேகம் வீண். மீதி நாள் அவர் ஒன்றை ஏழு மாதிரி எழுதியிருப்பார். கடைசியில் ஒரு பிற்பகல் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து தட்டினோம். மூன்று தட்டுப்பலகைச் சத்தமும் ஒன்றாய் எழுந்தபோது கீழே துணிக்கடை முதலாளி படியேறி வந்து, "மேல என்ன மழையா?" என்று கேட்டார்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. சேர் வாடகைக்கு இருந்த வீட்டின் சிங்கள அயலவர் அவரைத் தன் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றி, அகதி முகாம் வரை கூட்டிப்போய் விட்டார். அங்கிருந்து அவர் யாழ்ப்பாணம் போனார். திரும்பி வரவில்லை. சில வாரங்கள் கழித்துக் கந்தோர் திறந்தபோது, கடலைக் கடைக்குப் பொட்டலச் சரை சுற்றக் கொடுப்பதற்காக அவருடைய கதிரையில் பழைய தாள்களை அடுக்கியிருந்தார்கள். அடுக்கின் நடுவில் பீலியின் தாள்களும் கிடந்தன. அடுப்பு மூட்ட என்று மனேஜரிடம் பொய் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சேருக்குக் கடிதம் போட்டேன். பதில் வந்தது: "உம்மிடம் இருந்தால் எனக்குக் கவலை இல்லை. ஓரத்துக் குறிப்புகளைத்தான் கவனமாக வைத்திரும். எண்களை இன்னொருவன் விளங்கிக்கொள்வான். ஏன் அப்படி எழுதினேன் என்பது ஓரத்தில்தான் இருக்கிறது."

அவர் கவனமாக வைத்திருக்கச் சொன்னதைத்தான் நான் அழித்தேன். கலியாணமாகிக் கம்பளைக்கு வந்த பிறகு யுத்தம் எங்கள் தெருவுக்கும் வந்தது. ஆமிச் சுற்றிவளைப்பு என்றால் அலுமாரி, அரிசி மூட்டை, தலையணை எல்லாம் கவிழும். எங்கள் தெருவில் ரேடியோ திருத்துபவரைப் பிடித்துப் போனார்கள். அவர் வைத்திருந்த ஒரு மின்சுற்றுப் படத்தில் தமிழில் ஏதோ எழுதியிருந்ததாம். அவர் திரும்பி வந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. நான் பீலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆமிக்காரனின் கண்ணால் பார்த்தேன். நிரை நிரையாக எண்கள். பக்கத்தில் தமிழ்க் கையெழுத்தில், "இங்கே நிறுத்து", "மூன்றாமவருக்காகக் காத்து நில்லாதே", "கை வைக்க வேண்டாம்". யாருக்கு நான் விளக்கம் சொல்வேன்? வெறும் எண்கள் என்றால் ஏதோ கந்தோர்க் கடதாசி. ஓரத்தில் இருந்த தமிழ்தான் அதைக் குற்றமாக்கியது.

"பொட்டலம் கட்டுற காயிதத்துக்குப் போய் உசிர விடுறியே," என்றார் என் வீட்டுக்காரர். "மொத்தமா எரிச்சுப் போடு."

மொத்தமாக எரிக்க மனம் வரவில்லை. ஒரு பகல் முழுக்க இருந்து, கத்தரிக்கோலால் வலது ஓரத்தை மட்டும் ஒவ்வொரு தாளாக வெட்டினேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் அடுப்பில் போட்டேன். சேரின் கடிதமும் அதோடு போனது. சேர் இடம்பெயர்ந்த ஊரில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று பிறகு அவர் மனைவி எழுதினார். நான் செய்ததைச் சேர் அறியவே இல்லை.

யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து ஒரு விரிவுரையாளர் என்னைத் தேடி ரயிலில் கம்பளைக்கு வந்தார். கண்டி முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. இந்த நாட்டின் பழைய கணினிகளைப் பற்றியும், அவற்றுக்கு முதன்முதலில் நிரல் எழுதியவர்களைப் பற்றியும் தேடித் திரட்டுவதாகச் சொன்னார். தாள்களை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தவுடன் முகம் மாறியது.

"ஓரம் எல்லாம் வெட்டீக்கே, அன்ட்டி!"

நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். கந்தோர் மூடுவதற்கு முன் வெளியிட்ட சிறப்பு மலரில் பீலியைச் செய்தவர் என்று மனேஜரின் பெயர்தான் அச்சாகியிருக்கிறதாம். மனேஜர் கெட்ட மனிதர் அல்லர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணப் பெயர் ஒன்றை அச்சில் ஏற்ற அவருக்கும் பயமாக இருந்திருக்கும்.

"உங்கட சேரோட கையெழுத்துல ஒரு வரி இருந்தாலும் போதும். இல்லாட்டி மலர்ல ஈக்கிற பேரத்தானே நான் எழுதோணும்?"

"எனக்குக் குறிப்பு எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றேன்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன். மத்தவங்க நம்போணுமே."

"அப்ப சோதிச்சுப் பாருங்க."

அப்படிச் சொன்னது நானா என்று எனக்கே ஆச்சரியம். பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை அவருடைய மாணவர்கள் இப்போதைய கணினியில் செய்திருந்தார்கள். என் தாள்களில் இருந்த எண்களை அதில் தட்டி ஏற்றினார்கள். சில கிழமை கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். எந்தத் தாளை நீட்டினாலும் அதன் ஓரத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டும். எண்கள் உண்மையிலேயே அதைத்தான் செய்கின்றனவா என்று அவர்கள் பார்ப்பார்கள். ஒரு தாளில் கணினி காரணமில்லாமல் எண்ணிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, அது தட்டியதில் வந்த பிழை என்று நினைத்திருந்தார்கள். "பிரிண்டர் மூச்சு வாங்கட்டும், கை வைக்க வேண்டாம்" என்றேன். ஒரு மாணவர் மேசையில் தட்டி, "அட, பிரிண்டர் தலை திரும்பி வாற நேரம்!" என்றார். ஒவ்வொரு தாளாகப் பொருந்தி வந்தது. நிரலில் ஒரு வரி கூட எனக்கு விளங்காது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். இதை நான் கற்பனை செய்து சொல்லியிருக்க முடியாது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. "மூன்றாமவருக்காகக் காத்து நில்லாதே" என்பது குறிப்பு. ஆனால் மூன்றாவது இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் பீலி அப்படியே நின்றுவிடுகிறது.

"இது மாறி ஞாபகம் ஈக்கும் அன்ட்டி, விடுங்க," என்றார் விரிவுரையாளர்.

மாறவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். கலவரத்துக்கு முந்திய சனிக்கிழமை எங்களில் ஒருத்தி லீவு. பீலி நின்றுபோனது. நான் தாளைக் கொண்டுபோய்ச் சேரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு உடனே ஓரத்தில் அந்தக் குறிப்பை எழுதினார். "நான் விட்ட பிழைதான், பிள்ளை. வாற கிழமை திருத்துவம். இப்ப கண் பூக்குது," என்றார். ஓரம் திருந்தியது. எண்கள் திருந்தவில்லை.

இதைச் சொல்வதா விடுவதா என்று அந்தக் கதிரையில் இருந்து நாலு தடவை யோசித்தேன். பிழை விட்டவர் என்று தெரிந்தால் அவர் பெயரை விட்டுவிடுவார்களோ? சொல்லாமல் விட்டால் என் ஞாபகம் பிசகிற்று என்று ஆகும். மற்றக் குறிப்புகளும் அதோடு போய்விடும். சொல்லிவிட்டேன். விரிவுரையாளர் அந்தச் சிறப்பு மலரை எடுத்துப் புரட்டினார். பிறகு, "அன்ட்டி, இந்தப் பிழைய பத்தி மலர்ல ஒரு சொல் இல்ல. செஞ்சவங்களுக்கும் பக்கத்துல இருந்தவங்களுக்கும் மட்டுந்தான் இது தெரிஞ்சீக்கும்," என்றார்.

வாக்குமூலம் எழுதிக் கொண்டுவந்தார்கள். யுத்த காலம் முழுக்க எந்தக் கடதாசியிலும் என் பெயர் இருக்கக் கூடாது என்று வாழ்ந்தவள் நான். அன்றைக்கு நானே பேனாவைக் கேட்டு வாங்கினேன். ஞாபகத்தில் இருந்த குறிப்புகளை எல்லாம் என் எழுத்தில், சிவப்பு மையில் எழுதினேன். நிச்சயமில்லாத இரண்டு இடங்களை வெறுமையாக விட்டேன். செய்தவர் என்ற இடத்தில் சேரின் முழுப் பெயரையும் எழுதி, கீழே என் பெயர், தொழில், எட்டாம் வகுப்பு என்று எல்லாம் போட்டுக் கையொப்பம் வைத்தேன். அந்தப் பெயர் இப்போது அவர்களுடைய பதிவேட்டில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

மாணவர்களுக்கு அந்தப் பிழையைத் திருத்திவிட ஆசை. இரண்டு எண்களை மாற்றினால் போதுமாம். "பிரதியில வேணுன்னா மாத்திக்கோங்க. மூலத்துல வேண்டாம். அத வாற கிழமை திருத்துறதாச் சொன்னவரு வேற ஒருத்தரு," என்றேன். கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய அறையில் இப்போது மூன்று திரைகள் வைத்திருக்கிறார்கள். இரண்டில் ஆட்கள் தட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதில் ஆள் இல்லாமல் போனால், பீலி எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அந்த வெறும் கதிரைக்காகக் காத்து நிற்கிறது.