எவன் என்றால் இவன்

என் மகளின் பிள்ளைக்கு ரஷ்யப் பெயர்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை 'இவான்' என்று வைத்தார். எங்கள் எல்லார் வாயிலும் அது 'இவன்' ஆகிவிட்டது. அந்தப் பெயர் ஒரு நாள் என் உயிரை எடுத்தது.

அப்போது பேரனுக்கு மூன்று வயது. அரியலூர் போவதற்காகப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பையைக் கை மாற்றினேன், அதற்குள் பிள்ளையைக் காணோம். பஸ்கள் பின்பக்கமாக வந்து திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே, பஸ் நேரம் அறிவிக்கிறவர் இருக்கும் மைக் அறைக்கு ஓடினேன்.

"புள்ள பேரு என்னம்மா?"

"இவன்."

"எவன்?"

"இவன்தாங்க!"

"பக்கத்துல யாருமே இல்லியே. பேரச் சொல்லும்மா!"

"ஐயோ, பேரே இவன்தாங்க! ரஷ்யாக்காரங்க பேரு!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இவன் என்ற சிறுவன்..." என்று மைக்கில் சொன்னார். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. என் கண் சக்கரங்களிலேயே இருந்தது.

கொய்யாப்பழம் விற்கும் பெண் ஒருத்தி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "பேரென்னடான்னா இவன், இவன்ங்குது. எவனக் காட்டுதுன்னு நானும் சுத்திச் சுத்திப் பாத்தேன்! மைக்குல கேட்டதும்தான் புரிஞ்சுது."

பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டேன். மைக்கில் அறிவித்தவர், "அப்படி என்னதாம்மா பேரு அது?" என்றார்.

சந்தோஷத்தில் என் வாய் ஓயவில்லை. "யோவான்ங்கற பேருதான் அங்க இவானாம். தெருவுக்கு நாலு பேரு இருப்பாங்களாம். கடவுள் கருணை காட்டுனாருன்னு அர்த்தமாம். வெச்ச மாப்பிள்ள கடவுளே இல்லங்கறவரு!"

அரியலூர் பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. பிள்ளையை இறக்கிவிட்டுப் பையைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.