கெல்னரைத் தெரியாது என்றேன்

ஒரு மனிதரை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியும்! நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

பயத்தில் வாய் தவறிவிட்டது என்று நீங்கள் எனக்காக இரங்கிவிடக் கூடாது. சொன்னதைத் திருத்திக்கொள்ள ஒரு பகல் முழுதும் எனக்கு இருந்தது. திருத்தவில்லை. இதைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் முழந்தாளிட்டுச் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாததால்தான் சொல்ல முடிகிறது போலும்...

என் பெயர் லாசர். தூத்துக்குடிக்காரன். யுத்தத்துக்கு முன்னால் ஜப்பானில், கோபே துறைமுகத்தில், ஆங்கிலேயக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். விட்லாக் துரை அங்கே மேனேஜர்.

அந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மலைச்சரிவில் பக்கம் பக்கமாகக் குடியிருந்தார்கள். ஆங்கிலேயர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், அமெரிக்கர்... சொந்த மண்ணில் இருந்திருந்தால் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்திருக்க மாட்டார்கள். அங்கேயோ ஒரு வீட்டில் சமையல்காரி கோபித்துக்கொண்டு போனால் எல்லா வீட்டிலும் அன்றைக்கு அதே பேச்சு! பிறந்தநாள், கல்யாணம், சாவு எதுவானாலும் எல்லோரும் கூடுவார்கள். கூடிய இடத்திலேயே சண்டையும் பிடிப்பார்கள். மறுவாரம் மறுபடி கூடுவார்கள். வேறு எங்கே போவார்கள், பாவம்!

அந்த வீடுகள் அத்தனைக்கும் போய்வரும் ஒரே மனிதர் ஆர்னோ கெல்னர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். ஜெர்மானியர், யூதர். நான் குடியிருந்த விடுதியிலேயே மாடியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். நிறம், பாஷை, மதம் எல்லாம் வேறாக இருந்தும் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கி எனக்கு வணக்கம் சொல்வார். ஒரு குமாஸ்தாவுக்கு! அதுவும் கறுத்த குமாஸ்தாவுக்கு!

ஒரு குளிர்காலத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. விடுதிக்காரி பயந்து என் அறைப்பக்கமே வரவில்லை. கெல்னர்தான் வந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதில் உப்புப் போட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் அழுக்காக்கிய துணிகளைத் தம் கையால் அலசினார். அவரை நம்பியிருந்த பியானோக்களெல்லாம் அந்த நாட்களில் அபசுரமாகவே கிடந்தன.

பிழைத்து எழுந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் என் ஊருக்கு வாருங்கள். தூத்துக்குடியில் லாசர் என்று கேளுங்கள். என் வீடு உங்கள் வீடு."

சொல்வது எவ்வளவு சுலபம்!

பிறகு ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. ஜெர்மானியர் வீடுகள், அவர் யூதர் என்பதால், முன்பே அவருக்குக் கதவடைத்துவிட்டன. இப்போது ஆங்கிலேயர் வீடுகளும், அவர் ஜெர்மானியர் என்பதால், அடைத்துக்கொண்டன. ஒருநாள் விட்லாக் துரையோடு கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே கெல்னர் வந்தார். துரை அவரைப் பார்த்தார். பார்த்ததும் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டார். கெல்னர் தொப்பிக்குக் கொண்டுபோன கையால் காதைச் சொறிந்துகொண்டு கடந்துபோனார்.

அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். பெரியவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன்...

சில மாதங்களில் கம்பெனி கோபே அலுவலகத்தை மூடியது. துரைக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல். என்னையும் உடன் அழைத்துவந்து அதே வேலையில் வைத்தார். ஊர் எனக்கு 'சப்பான் லாசர்' என்று பெயர் வைத்தது. முதலில் கேலிதான். ஜப்பான் மேல் சந்தேகம் வளர வளர அந்தப் பெயரின் ருசி மாறியது. போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னை இருமுறை கூப்பிட்டு, அங்கே யாரைத் தெரியும், யாரோடு பழக்கம் என்று துருவினார்கள். என் மனைவி பிலோமினா அப்போது கர்ப்பிணி. கதவு தட்டும் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் அவர் வந்தார்.

எங்கள் துறைமுகத்தில் ஆழம் போதாது. கப்பல்கள் வெகுதூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கொழும்புக் கப்பலுக்கு அன்று காலை ஏஜென்சி ஆளாக லாஞ்சுப் படகில் போனேன். கூடவே பயணிகளைச் சோதிக்கும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் வந்தார். மேல்தளத்தில் ஏறியதும் ஒரு குரல்!

"லாசர்!"

பழைய சாம்பல் நிறக் கோட்டு. கையில் சுருதி சேர்க்கும் கருவிகள் கொண்ட தோல் பை. முகமெல்லாம் சிரிப்பு. கடல் கடந்து, நாடு இழந்து, என் ஒரு வார்த்தையை நம்பி வந்து நிற்கிறார்!

இன்ஸ்பெக்டர் அவர் காகிதங்களைப் புரட்டினார். ஜெர்மன் பிரஜை என்ற உரிமை ரத்து. புறப்பட்ட இடம் ஜப்பான். தொழில், பியானோ சுருதி சேர்ப்பது. இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. உப்பும் கருவாடும் பஞ்சும் ஏறும் ஊருக்கு எதற்கு இப்படியொரு ஆள்?

"இங்கே யாரைத் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கெல்னர் என்னைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னவே சப்பான் லாசர்... ஒம்ம கூட்டாளியா?"

"இல்ல சார்," என்றேன். "ஆரு எவருன்னே எனக்குத் தெரியாது."

கெல்னருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் தலை ஆடியது தெரிந்தது. அந்தச் சிரிப்பு உடனே மறையவில்லை. மெல்ல மெல்ல வடிந்தது. என் முகத்தையும், என் அருகில் நின்ற காக்கிச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தெருவில் கண்டும் காணாமல் போகிறவர்களைப் பார்த்துப் பழகிய மனிதரல்லவா!

"மன்னியுங்கள், ஐயா," என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "ஆளை மாற்றி நினைத்துவிட்டேன். என் நண்பர் இவரைவிட உயரம்."

இவரைவிட உயரம்... அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை!

கரைக்கு வந்ததும் அவரை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். கோபேயிலிருந்து வந்தவர் என்பதால், இன்ஸ்பெக்டர் துரையிடம் விசாரிக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துரையும் கைவிரிப்பார் என்று நிச்சயமாக நம்பினேன். ஏன், அப்படி நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஜமானும் வேலையாளும் ஒன்றாகப் பொய் சொன்னால் பொய்யின் பாரம் பாதியாகிவிடாதா?

துரை நாற்காலியை விட்டு எழுந்தார். "கெல்னரா? இங்கே வந்திருக்கிறாரா? எனக்கு நன்றாகத் தெரியும். என் மனைவியின் பியானோவைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டவர். நாஜிகள் துரத்திய மனிதர். அவருக்கு நான் பொறுப்பு. வேண்டுமானால் லாசரைக் கேளுங்கள். காய்ச்சலில் சாகக்கிடந்த இவரை எடுத்து நிறுத்தியவரே அவர்தான்."

இன்ஸ்பெக்டர் புருவத்தை நெரித்தார். "இவர் தெரியாது என்கிறார். அந்த ஆளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, இவரைத் தெரியாது என்கிறார். தெரிந்த இருவர் ஏன் தெரியாததுபோல் நடிக்க வேண்டும்? அதில் என்னவோ இருக்கிறது, சார்."

பார்த்தீர்களா! என் பொய்யும், என்னைக் காக்க அவர் சொன்ன பொய்யும் ஒன்றுசேர்ந்து அவர் கழுத்திலேயே சுருக்காக விழுந்தன.

"லாசர்?" என்றார் துரை. அவ்வளவுதான்.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"வேற ஆளா இருக்கலாம் சார். தொரைக்குச் சரியா ஞாபகம் இல்ல போலிருக்கு," என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

என்னை ஆளாக்கியவரை, அவர் முகத்துக்கு நேரே, ஞாபகம் பிசகியவராக்கினேன்!

இன்ஸ்பெக்டர் போனபின் துரை அறைக்கதவைச் சாத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்றைக்கு நான் சாலையைக் கடந்து போனதை நீ பார்த்தாய்," என்றார். "அங்கே நாங்கள் கொஞ்சம் பேர்தானே, லாசர்! ஒருவன் யாருக்குத் தொப்பியைத் தூக்குகிறான் என்று மற்ற எல்லோரும் கவனிப்பார்கள். அந்தக் கண்களுக்கு நான் பயந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி என்னோடு பேசாமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினதில்லை. உனக்கும் அது வேண்டாம். மாலை ரயிலில் அவரை வடக்கே, எதிரி நாட்டாரை அடைத்துவைக்கும் முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். போய்ச் சொல்லிவிடு. பயந்துபோய்ச் சொன்னேன் என்று சொல். உன் வேலைக்கு ஒன்றும் வராது. போலீஸிடம் உனக்காக நான் பேசுகிறேன்."

கேட்டீர்களா? வேலை போகும் என்ற சாக்கையும் அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

போனேன். ரயில்நிலையம் வரை போனேன்! மேடையில் ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகள் வரை போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. ஒருமுறை பொய் சொன்னவன் என்று தெரிந்தால் என்னையும் அதே ரயிலில் ஏற்றிவிடுவார்களே... பிலோமினா என்ன ஆவாள்... எண்ணியெண்ணிப் பொதிகளின் மறைவில் நின்றேன்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் கெல்னர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதே ரயிலுக்கு வந்திருந்த சில வெள்ளைக்காரக் குடும்பங்கள் சற்றுத் தள்ளி நின்றன. அப்போது விட்லாக் துரைசானி மேடையில் நடந்துவந்தார். கையில் காப்பி பிளாஸ்கும் ஒரு பொட்டலமும். அந்தக் குடும்பங்களைத் தாண்டி நேரே பெஞ்சுக்குப் போய், எல்லோர் கண்ணெதிரிலும் கெல்னரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பியானோ எப்படி இருக்கிறது?" என்று கெல்னர் கேட்டது எனக்குக் கேட்டது.

"உப்புக்காற்றில் செத்துக்கொண்டிருக்கிறது," என்றார் துரைசானி. இருவரும் சிரித்தார்கள். துரைசானி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தள்ளி நின்ற சீமாட்டிகள் ஒருசேர முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

ரயில் புறப்பட்டது. நான் வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்பில் விட்லாக் தம்பதியின் மேஜைக்கு யாரும் போவதில்லை என்று அங்கே வேலைசெய்த சமையல்காரர் சொன்னார். எதிரிக்குச் சிபாரிசு செய்தவராம்! ஆனாலும் வாரம் தவறாமல் இருவரும் போவார்களாம். தனியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். கெல்னருக்காகத் துரை மேலிடங்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். என்னிடமோ அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. என் சம்பளம் குறையவில்லை. மகன் பிறந்தபோது வெள்ளிக் கிண்ணம் ஒன்று அனுப்பினார். அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

யுத்தம் முடிந்தது. துரை சீமைக்குத் திரும்புமுன் அலுவலகத்தார் எல்லோரையும் குடும்பத்தோடு வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தார். பிலோமினாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்துக்குள் காலெடுத்து வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கெல்னர்!

முகாமிலிருந்து விடுதலையாகி, கப்பலேறுமுன் துரை தம்பதியைப் பார்க்க வந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கோட்டுக்குள் உடம்பு பாதியாகியிருந்தது. துரைசானி என்னைக் கண்டு திகைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கெல்னர் எழுந்து என்னிடம் வந்தார். கையை நீட்டினார்.

"என் பெயர் கெல்னர்," என்றார். "தங்கள் பெயர்?"

கண்களில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. என் மனைவி முன்னால், என் மகன் முன்னால், என் பொய் பொய்யாகிவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டாரா? அல்லது உண்மையாகவே என்னைத் தம் வாழ்விலிருந்து துடைத்துவிட்டாரா? இரக்கமா, தண்டனையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை...

அவர் காலில் விழுந்திருக்கலாம். 'நான்தான் உங்கள் லாசர்' என்று கதறியிருக்கலாம். யார் தடுத்தார்கள்? போலீஸ் இல்லை. யுத்தம் இல்லை.

"லாசர்," என்றேன். "தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி."

துரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெல்னர் குனிந்து என் மகனின் கன்னத்தைத் தொட்டார். நிமிர்ந்து, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தம் நாற்காலிக்குப் போனார். அந்த மாலை முழுதும் இருவரும் வேறு பேசவில்லை. மறுநாள் அவர் கப்பலேறிவிட்டார். எந்த நாட்டுக்கு என்று கேட்கும் உரிமைகூட எனக்கு இல்லை.

அன்று வீடு திரும்பும் வழியில், தூங்கிவிட்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பிலோமினா கேட்டாள்:

"அந்த நரச்ச தொர ஒங்களயே பாத்துக்கிட்டு இருந்தாரே... முன்னாலயே பழக்கமா?"

"இல்ல," என்றேன். "இன்னைக்குத்தான் பாக்கேன்."