குமரேசன் அண்ணா வீட்டில் இருந்த என் ஸ்பீக்கர்

குமரேசன் அண்ணா இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்.

நேற்று காலை பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். வரிசையாகக் கைகூப்பும் எமோஜி. ஒருவர், "ஸ்பீக்கர் குமரேசன் போயிட்டாரா!" என்று எழுதியிருந்தார்.

ஸ்பீக்கர் குமரேசன்... போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இது ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் போடுகிற பதிவு. தயவுசெய்து ஷேர் செய்யாதீர்கள்.

மறைமலை நகரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி. நான் பேக்கிங், அவர் மெயின்டனன்ஸ். தாம்பரத்தில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுவோம்.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, அதிலிருக்கும் நல்ல செல்களை வைத்து, கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஸ்பீக்கர் செய்ய வேண்டும். அதற்கான குட்டி ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸில் எடுத்துக் காட்டினால் சிரிப்பார்கள். "பேக்கிங் பண்றவளுக்கு இதெல்லாம் எதுக்கு?"

அவர் மட்டும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா நீட்டா சால்டர் பண்ணிகீறே! எங்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தனுக்கும் இப்டி வராதும்மா."

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு அட்டைப்பெட்டி ஒட்டினேன்.

ப்ளைவுட்டில் பெட்டி செய்து கொடுத்தது அவர்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன். மூலையெல்லாம் வழவழவென்று தேய்த்திருந்தார்.

ஆனால் ப்ளூடூத் கனெக்ட் செய்தால் பாட்டுக்குப் பின்னால் விடாமல் ஒரு கீச் சத்தம். "கொசு மாரி கத்திக்கினே கீது... வுட்டுடும்மா, பாட்டு கேக்குதுல்ல?" என்றார்.

நான் விடவில்லை. ப்ளூடூத்துக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து கரண்ட் போவதுதான் வினை. பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, நடுவில் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு சின்ன மாட்யூல் போட்டேன். கீச் நின்றது.

பஸ் ஸ்டாப்பிலேயே வைத்துப் பாட்டுப் போட்டோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என் அண்ணன்கூட எனக்காக அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அதைத்தான் கம்பெனியில் வைத்தோம். ஷாப் ஃப்ளோர் முழுக்கப் பாட்டு. மேனேஜர் நின்று கேட்டார், "யாரு செஞ்சது இது?"

"நான்தான் சார். வீட்லயே செஞ்சேன்" என்றார் குமரேசன் அண்ணா.

நான் கையில் சுண்டலோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவருக்குச் சால்வை போட்டார்கள். ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். பிறகு சால்வையைச் சரி செய்துகொண்டார்.

பஸ்ஸில் கேட்டேன். "ஏண்ணா?"

"பெட்டி நான் செஞ்சதுதானேம்மா... டக்குனு வாய்ல வந்துடுச்சி. மேனேஜராண்ட அப்பால சொல்லிட்றேன்."

சொல்லவில்லை. டெஸ்டிங் லேபுக்கு ஆள் எடுத்தபோது அவரைக் கூப்பிட்டார்கள். நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன லேப் அது. ஸ்பீக்கரும் அவர் வீட்டுக்கே போய்விட்டது.

பஸ்ஸில் சீட் மாறி உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் வேலையையும் விட்டேன்.

நேற்று போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மத்தியானம் என்னவோ... கிளம்பி இரும்புலியூரில் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாலை போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அவர் மனைவி, "அவரு செஞ்ச பாக்ஸ்லயே சாமி பாட்டு போடுங்க" என்று அழுதுகொண்டிருந்தார். அது ஆன் ஆகவில்லை. யார் யாரோ தட்டிப் பார்த்தார்கள்.

எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன்.

திறந்தால், எல்லாம் நான் வைத்தது வைத்தபடி. பேட்டரியிலிருந்து சுவிட்சுக்குப் போகிற வயர் மட்டும் விட்டிருந்தது. முறுக்கி டேப் சுற்றினேன். பாட்டு வந்தது. அவர் மனைவி ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கதறினார்.

மகள் என்னிடம் வந்தாள். வேலைக்குப் போகிற பெண். "எப்படி ஆன்ட்டி இவ்ளோ சீக்கிரம் சரி பண்ணீங்க? அப்பா இத யாரையும் தொடவே விட மாட்டாரு."

"நானும் அவரும் சேர்ந்து செஞ்சதும்மா."

சேர்ந்து என்றுதான் சொன்னேன். அவரைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு அதற்கு மேல் வாய் வரவில்லை.

"அப்படியா? அப்பா சொன்னதே இல்லையே ஆன்ட்டி!" நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள் அந்தப் பெண்.

கம்பெனியில்தான் சொல்லவில்லை, வீட்டிலாவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன் அண்ணா...

எடுக்கும் வரை இருந்துவிட்டுத்தான் வந்தேன்.

போங்க அண்ணா.