விலை இறங்கட்டும் என்றார் ராமசேஷன்

விமான டிக்கெட் விற்பவனுக்கு விலை எப்போது இறங்கும் என்பது தெரியும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பிழை. பூமி தட்டை என்ற நம்பிக்கைக்கு அடுத்தபடியாக மனித குலத்துக்கு அதிகத் தீங்கு செய்தது இதுதான் என்பது என் தாழ்மையான கருத்து. செவ்வாய்க்கிழமை மலிவு என்பார்கள், அல்ல. சரியாக ஏழு வாரம் முன்னால் எடுக்க வேண்டும் என்பார்கள், அதுவும் அல்ல. நாம் யாரென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் தேடினால் விலை குறையும் என்பார்கள். கம்ப்யூட்டருக்கு நம்மேல் அவ்வளவு அக்கறை இருந்ததாக எனக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. லஸ் பக்கத்தில் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மாடியில், பத்தொன்பது வருடமாக டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கே தெரியாது. விலை பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன என் இனத்தாரே, உங்கள் ஆறுதலுக்காக ஒரே ஒரு பயணத்தின் கதையைச் சொல்கிறேன்.

மூன்று திரை, நான்கு விலை

ராமசேஷன் மந்தைவெளிக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு திங்கட்கிழமை காலை மனைவி வசந்தா மாமியோடு மாடியேறி வந்தார். சிட்னியில் இருக்கும் ஒரே மகனுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். விசா வந்துவிட்டது. டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் தன் போனை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் மாமியின் போன். அதற்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட். மூன்றிலும் ஒரே தேதி, ஒரே விமானம், வேறு வேறு விலை. எது உண்மை என்று கேட்டார். என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். நான்காவதாக ஒரு விலை வந்தது. ஒன்றில் பெட்டிக்குத் தனிக் கட்டணம், ஒன்றில் கார்டு தள்ளுபடியைக் கழித்துக் காட்டுகிறான், ஒன்றில் நேற்றைய விலையையே இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஒருவாறு விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் என் விலையும் மாறிவிட்டது. திரையை அவர் பக்கம் திருப்பாமல் இருந்திருக்கலாம்.

மாமி நான்கையும் வரிசையாகப் பார்த்தார். "தண்ணித்துறை மார்க்கெட்ல நாலு கடையில நாலு விலை சொல்லுவான். ஆனா ஒரு கத்திரிக்காய்க்கு ஒருத்தன் நாலு விலை சொல்லி நான் பாத்ததில்லை."

மணி அடிக்கும் ஏற்பாடு

அன்று டிக்கெட் எடுக்கவில்லை. "விலை இறங்கட்டும்" என்றார் ராமசேஷன். அப்போது நான் செய்த தவறு, விலை மாறினால் போனுக்குத் தகவல் வரும்படி அமைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. மூன்று இணையதளங்களில் அமைத்துக்கொண்டார். விலை இறங்கினால் மணி அடிக்கும் என்று நினைத்தோம். ஏறினாலும் அடித்தது. மாறவில்லை என்று சொல்லவும் ஒரு தளம் அடித்தது. ஒன்று, இந்த விலை வழக்கத்தைவிடக் குறைவு, உடனே வாங்குங்கள் என்றது. அதே நிமிடம் இன்னொன்று, பொறுத்திருங்கள், இன்னும் குறையும் என்றது. தினமும் பதினோரு மணிக்கு மாடியேறி வந்து இரண்டையும் என்னிடம் காட்டுவார். நானும் இரண்டையும் ஆழ்ந்து படிப்பேன். வேறென்ன செய்ய?

எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிர இருப்பவர் ஷகீலா மட்டும்தான். ராயப்பேட்டைக்காரர், பதினோரு வருடமாக என் எதிர் மேஜை. ஒருநாள் ராமசேஷன் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு தாமதம் ஏன் என்று கூட வந்திருந்த மாமியிடம் ஷகீலா கேட்டார். மாமி குரலைத் தாழ்த்தவில்லை. "பொண்ணை அவனே பாத்துண்டான். நாளையும் அவனே பாத்துண்டான், ஹால் காலியா இருந்த சனிக்கிழமை. எங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்லதான் வந்தது, இவரோட ஒண்ணுவிட்ட அத்தான் பாத்த அதே நிமிஷத்துல இவரும் பாத்தார்." பிறகு கணவர் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார். "விலை இறங்காதுன்னு ஒரு நம்பிக்கை. அதான் காத்துண்டிருக்கார்."

யாருடைய ராகு காலம்?

விலை இறங்கியது. ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு, மூன்று தளமும் ஒரே குரலில் மணி அடித்தன. அந்த ஒற்றுமையை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. ராமசேஷன் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகு காலம்.

நான் என் படிப்பையெல்லாம் பிரயோகித்தேன். ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரியோதயத்தை வைத்துக் கணக்கிடுவது. நாம் டிக்கெட் வாங்கும் கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும். அயர்லாந்தில் இருந்தால் அங்கே இப்போது காலை. சிட்னியை எடுத்துக்கொண்டால் மாலை ஆகிவிட்டது, ராகு எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார். ராமசேஷன் கவனமாகக் கேட்டார். "சரி, கம்ப்யூட்டர் எந்த ஊர்ல இருக்குன்னு மொதல்ல விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், விசாரிக்கத் தொடங்கினேன். ஒரு தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு இருபத்தைந்து நிமிடம் இசை கேட்டேன். மூன்று மணி அடித்ததும் பொத்தானை அழுத்தினோம். பழைய விலையைவிடக் கூடுதலாக ஒரு விலை வந்து நின்றது.

ஷகீலா தலை நிமிராமல் சொன்னார்: "நல்ல நேரம் வந்துச்சு சார், டிக்கெட்டு போயிக்கினு கீது."

கொழும்பு வழியாக

அடுத்த வாரம் ராமசேஷன் தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ஆஸ்திரேலியாவில் வேறொரு ஊர், கடைசியாக சிட்னி. நான்கு தனித்தனி டிக்கெட். ஒவ்வொரு ஊரிலும் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். விலை ஏறக்குறைய பாதி. எனக்கே மலைப்பாக இருந்தது. சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் 'கூட்டல் இரண்டு' என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, ஷகீலா கவனித்தார். வியாழக்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை பிற்பகல் மூன்றுக்குத்தான் சேரும். கல்யாணம் அன்று காலை பத்துக்கு.

"இன்னா சார் இது, சாப்பாட்டுப் பந்திக்கே போய்ச் சேர மாட்டாங்க."

மாமி தனியாக வந்தது

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாமி மட்டும் வந்தார். கையில் பாஸ்போர்ட், ஒரே ஒரு பாஸ்போர்ட். அவர் போனிலும் மணி அடித்திருந்தது. வியாழக்கிழமை காலைப் பத்து மணி விமானம், சிங்கப்பூரில் மாறி, வெள்ளிக்கிழமை காலை சிட்னி. மற்ற நாட்களில் இல்லாத மலிவு. ஏன் அன்றைக்கு மட்டும் மலிவு என்று எனக்குப் புரியவில்லை. நாட்காட்டியைப் பார்த்தபோது அன்று அஷ்டமி. சிங்கப்பூர்க்காரர்களும் பஞ்சாங்கம் பார்க்கிறார்களோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

அஷ்டமி என்று மாமியிடம் சொன்னேன். தெரியும் என்றார். ஜன்னல் ஓரம் கேட்டார், பதினெட்டாம் வரிசையில் கிடைத்தது. பெயரை அடித்து முடித்துவிட்டு, சாருக்கு என்று இழுத்தேன்.

"அவர் விலை பாத்துண்டிருக்கட்டும். நான் என் புள்ளை கல்யாணத்தைப் பாக்கணும்."

சப்தமியில் ஒரு பை

பயணத்துக்கு நாள் சரியில்லை என்றால் மயிலாப்பூரில் அதற்கு ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்று பெயர். முந்தைய நல்ல நாளில், நல்ல நேரத்தில், நம் சாமான் ஒன்றை வேறு யார் வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சாமான் கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். விமான நிறுவனங்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் இதற்கும் கட்டணம் வைப்பார்கள்.

புதன்கிழமை சப்தமி. காலை பத்து மணிக்கு மாமி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து ஷகீலாவின் மேஜையடியில் வைத்தார். கல்யாணத்துக்குக் கட்டப்போகும் புடவை அதில் இருந்தது. "பக்கத்தாத்துல வெச்சா இவர் போய் எடுத்துண்டு வந்துடுவார்" என்றார். ஷகீலா தன் சாப்பாட்டுக் கூடையைத் தள்ளி வைத்து இடம் பண்ணிக் கொடுத்தார். "இன்னா மாமி, எந்தப் பக்கம் பாத்து வெக்கணும்?" என்று கேட்டு, கிழக்கே திருப்பியும் வைத்தார்.

மாமி போய் ஒரு மணி நேரத்தில் படியில் காலடிச் சத்தம். ராமசேஷன். வழக்கமாக வந்ததும் போனை மேஜைமேல் வைப்பவர், அன்று ஒரு சின்னப் பையோடு நின்றார். மாமியின் பை எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே தேடினார். ஷகீலா காட்டினார். குனிந்து தன் பையை அதன் பக்கத்தில் வைத்தார். பட்டு வேஷ்டியின் ஜரிகை கொஞ்சம் வெளியே தெரிந்தது, உள்ளே தள்ளிவிட்டார்.

"சார், பை போயிடும். நீங்க போறதுக்கு டிக்கெட்டு?" என்றார் ஷகீலா.

ராமசேஷன் எனக்கு எதிரே உட்கார்ந்தார். மறுநாள் காலை அதே விமானத்தில் இரண்டே இடம் மிச்சமிருந்தது. விலை திரையில் வந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த வழித்தடத்தில் அப்படியொரு விலையை நான் பார்த்ததில்லை. எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், ஒரு நொடி யோசித்தார், போட்டுக்கொள்ளாமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

"விலையை எங்கிட்டச் சொல்லாதேங்கோ."

மறுநாள் காலை ஆறரைக்கு இருவரும் ஒரே டாக்ஸியில் வந்து அவரவர் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். ராமசேஷனுக்குக் கிடைத்தது கழிவறைக்கு முந்தின வரிசையில் நடு இருக்கை, சிட்னி வரை மாமியின் பக்கத்தில் உட்கார யாரும் இடம் மாற்றிக்கொடுக்கவில்லை.